11 மைல் காரில் போய் 'முதலில்' வந்த கொத்தனார்: யார் இந்த ஃபிரெட் லோர்ஸ்? அந்த மாரத்தானில் நடந்தது என்ன?

விடியக்காலையில் வடுகபட்டியிலிருந்து பெரியகுளம் போகிற ரோட்டில் ஓட்டப் பயிற்சி எடுக்கிற இளைஞர்களைப் பார்த்திருப்பீங்க. பூண்டுச் சந்தைக்கு வர்ற லோடு வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓடுவாங்க. சிலருக்கு போலீஸ் செலக்‌ஷனில் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்கணும்ங்கிற கணக்கு. சிலருக்கு ஞாயிற்றுக்கிழமை எங்காவது நடக்கிற மினி மாரத்தானில் ஒரு மெடல்.

அப்படி ஒரு போட்டி முடிஞ்சு ரிசல்ட் சொன்னதும் டீக்கடையில் ஒரு பேச்சு கிளம்பும் பாருங்க. ஜெயிச்சவன் முழுசா ஓடவே இல்லை, வளைவுக்கு அந்தப் பக்கம் பைக்கில் ஏறிட்டான் என்று. பாதி நேரம் அது வெறும் பொறாமை. பாதி நேரம் உண்மை.

இந்தப் பேச்சுக்கு வயது 120 வருஷத்துக்கு மேல். உலக அளவில் இந்த விஷயத்தில் முதலில் நினைவுக்கு வரும் பெயர் ஃபிரெட் லோர்ஸ். ஒலிம்பிக் மாரத்தானில் காரில் போய் முதல் ஆளாக மைதானத்துக்குள் நுழைந்தவர். இன்றைக்கும் மாரத்தான் மோசடி என்று யார் எழுதினாலும் இவரிடம் இருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் அந்த ஒரு மத்தியானத்தை மட்டும் சொல்லிவிட்டு, மீதிக் கதையை விட்டுவிடுகிறார்கள்.

யார் இந்த ஃபிரெட் லோர்ஸ்?

1884 ஜூன் 5-ல் பிறந்தவர். நியூயார்க் நகரத்தில் கொத்தனார் வேலை. பகல் முழுக்கச் செங்கல்லும் சாந்தும். ஓட்டப் பயிற்சிக்கு நேரம் கிடைத்தது ராத்திரியில்தான். மோஹாக் தடகள கிளப் என்ற உள்ளூர் கிளப் சார்பாக ஓடினார்.

அந்தக் காலத்து ஓட்டக்காரர்கள் நிறையப் பேர் இப்படித்தான். விளையாட்டில் காசு வாங்கக் கூடாது என்பது சட்டம். வாங்கினால் அமெச்சூர் தகுதி போய்விடும். அதனால் கொத்தனார், தபால்காரர், பட்டறைத் தொழிலாளி எல்லாம் வேலை முடிந்த பிறகு ஓடினார்கள். லோர்ஸ், 5 மைல் தகுதிப் போட்டி ஒன்றில் ஓடித்தான் ஒலிம்பிக்கில் இடம் பிடித்தார். அப்போது அவருக்கு வயது 20.

1904 ஆகஸ்ட் 30: என்ன நடந்தது?

அமெரிக்காவில் நடந்த முதல் ஒலிம்பிக் அது. இடம், மிசூரி மாகாணத்தின் செயின்ட் லூயிஸ். அங்கே அப்போது ஒரு பெரிய உலகப் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்தது. ஒலிம்பிக்கும் அதில் ஒரு அங்கம் மாதிரிதான். நம்ம ஊர் பொருட்காட்சியில் பாட்டுக் கச்சேரி வைக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதெல்லாம் மாரத்தானை வெயில் ஏறுவதற்கு முன்னால் ஆரம்பித்துவிடுவார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது பிற்பகல் 3 மணிக்கு. வெப்பம் சுமார் 32 டிகிரி. பாதை முழுக்க மண் ரோடு, நடுவில் ஏழு மேடுகள். நடுவர்களும் டாக்டர்களும் பத்திரிகையாளர்களும் கார்களில் முன்னும் பின்னும் போக, அந்தப் புழுதி அத்தனையும் ஓடுகிறவர்கள் மூக்கிலும் தொண்டையிலும். வழியில் தண்ணீர் கிடைத்தது இரண்டே இடத்தில். ஏன் தெரியுமா? போட்டியை நடத்திய ஜேம்ஸ் சல்லிவனுக்கு ஓர் ஆராய்ச்சி ஆசை. தண்ணீர் இல்லாமல் மனித உடம்பு எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்கணுமாம்.

புறப்பட்டவர்கள் 32 பேர். முடித்தவர்கள் 14 பேர். வில்லியம் கார்சியா என்ற ஓட்டக்காரர் ரோட்டோரம் விழுந்து கிடந்தார். விழுங்கிய புழுதி வயிற்றைக் கிழித்து உள்ளே ரத்தக்கசிவு. உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். தென்னாப்பிரிக்காவிலிருந்து பொருட்காட்சிக்கு வந்து, போட்டியிலும் ஓடிய லென் டவுன்யானேவை நாய் துரத்தி, பாதையை விட்டு ரொம்ப தூரம் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அப்படியும் அவர் ஒன்பதாவதாக வந்தார். கியூபா தபால்காரர் ஃபெலிக்ஸ் கார்வஹால் பசி தாங்காமல் வழியில் ஆப்பிள் பறித்துத் தின்று, வயிற்றுவலி வந்து படுத்துவிட்டார். எழுந்து ஓடி நாலாவது இடம்!

மொத்த தூரம் 40 கிலோமீட்டர். ஏறக்குறைய கம்பத்திலிருந்து தேனி வரைக்கும் என்று கணக்கு வைத்துக்கொண்டால் நமக்குப் புரியும். புறப்படும்போது லோர்ஸ் முன்னணியில்தான் இருந்தார். ஒன்பதாவது மைலில், அதாவது உத்தமபாளையம் தாண்டி சின்னமனூர் நெருங்குகிற தூரத்தில், காலில் தசைப்பிடிப்பு. கூட வந்த கார்களில் ஒன்றில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

இதுவரைக்கும் தப்பு எதுவும் இல்லை. ஓட முடியாதவர் வண்டியில் ஏறுவது எல்லாப் போட்டியிலும் உள்ளதுதான். வழியில் வேடிக்கை பார்த்தவர்களுக்கும், தான் தாண்டிப் போன மற்ற ஓட்டக்காரர்களுக்கும் காரில் இருந்தபடியே கையசைத்துக்கொண்டே போனார். ஒளிஞ்சு போகிற ஆள் கை காட்டமாட்டான் இல்லையா? இதை மனசில் வச்சுக்கோங்க.

11 மைல், சுமார் 18 கிலோமீட்டர், கார் போனது. நம்ம கணக்குப்படி வீரபாண்டி தாண்டியாச்சு. அங்கே கார் பழுதாகி நின்றுவிட்டது என்று சொல்லப்படுகிறது. லோர்ஸ் இறங்கினார். இவ்வளவு நேரம் உட்கார்ந்து வந்ததில் தசைப்பிடிப்பு சரியாகியிருந்தது. ஓட ஆரம்பித்தார். நிஜமாகவே முன்னணியில் இருந்தவரின் உதவியாளர் ஒருவர் பார்த்துவிட்டு, பாதையை விட்டு விலகச் சொன்னார். லோர்ஸ் கேட்கவில்லை.

மைதானத்துக்குள் நுழைந்தார். கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. அமெரிக்காக்காரர் ஜெயிச்சாச்சு! ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் மகள் ஆலிஸ், அவருக்கும் அப்போது 20 வயதுதான், வெற்றி மாலையோடு வந்தார். பதக்கம் போடப் போகிற நேரத்தில், இந்த ஆள் காரில் வந்தவர் என்று குரல் எழுந்தது. ஆர்ப்பரித்த கூட்டமே திட்ட ஆரம்பித்தது. லோர்ஸ் மறுக்கவில்லை. சிரித்துக்கொண்டே, மரியாதையை ஏற்கிற எண்ணமே தனக்கு இல்லை, சும்மா விளையாட்டுக்குத்தான் கோட்டைத் தாண்டினேன் என்று சொல்லிவிட்டார்.

இதை நம்பலாமா? முழுசா நம்ப முடியவில்லை. கையசைத்தது அவருக்குச் சாதகம். ஆனால் விலகச் சொன்ன பிறகும் ஓடியது, கோட்டைத் தாண்டியது, மாலை வருகிற வரைக்கும் வாயைத் திறக்காமல் நின்றது, இதெல்லாம் விளையாட்டா? அந்தக் கைதட்டல் கொஞ்ச நேரம் இனித்திருக்கும் போல. பின்னாலேயே புழுதியில் செத்துப் பிழைத்து வந்துகொண்டிருந்தவர்களை நினைத்துப் பார்த்தால், அது நல்ல விளையாட்டும் இல்லை.

தங்கம் வாங்கியவர் எப்படி ஓடினார்?

கதையின் இன்னொரு பாதி இதுதான். தங்கம் வாங்கியவர் தாமஸ் ஹிக்ஸ். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய பித்தளைத் தொழிலாளி. கடைசி மைல்களில் அவர் தண்ணீர் கேட்டுக் கெஞ்சினார். கூட வந்தவர்கள் கொடுக்கவில்லை. வெந்நீரில் நனைத்த பஞ்சால் வாயைத் துடைத்துவிட்டார்கள். முடிவுக் கோட்டுக்கு 7 மைல் இருக்கும்போது முட்டை வெள்ளைக்கருவில் கலந்து ஒன்று கொடுத்தார்கள். ஸ்ட்ரிக்னின்.

அது என்ன என்று கேட்டால், நம்ம ஊர் எட்டிக்கொட்டையில் இருக்கிற விஷம். எட்டிக்காய் மாதிரி கசக்குதுன்னு சொல்வோமே, அந்த எட்டி. எலி மருந்தாகப் பயன்பட்டது. கொஞ்சூண்டு கொடுத்தால் நரம்பைத் தூண்டும், சற்று அதிகமானால் உடம்பு வில்லாக வளைந்து மூச்சு நிற்கும். முதலில் கொடுத்தது சுமார் 1 மில்லிகிராம். கொஞ்ச தூரம் கழித்து இன்னொரு முறை, இந்தத் தடவை பிராந்தியும் சேர்த்து.

ஹிக்ஸுக்குப் புத்தி தடுமாறியது. முடிவுக் கோட்டுக்கு இன்னும் 20 மைல் இருப்பதாக நினைத்துக்கொண்டார். கடைசியில் உதவியாளர்கள் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்தார்கள். கால் மட்டும் ஓடுகிற மாதிரி அசைந்துகொண்டிருக்க, கோட்டைத் தாண்டவைத்தார்கள். நேரம் 3 மணி 28 நிமிடம் 53 விநாடி. ஒலிம்பிக் ஆண்கள் மாரத்தானில் தங்கம் வென்றவர்களிலேயே மெதுவான நேரம் இதுதான். உடனே டாக்டர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அன்று ஒரே ஓட்டத்தில் சுமார் 3.6 கிலோ எடை குறைந்திருந்தார்.

காரில் வந்தவருக்கு ஆயுள் தடை. விஷம் குடித்து, ஆள் தாங்கி வந்தவருக்குத் தங்கம். சட்டப்படி இது சரிதான். ஊக்கமருந்து கூடாது என்று எந்த விதியும் அப்போது இல்லை. சர்வதேசத் தடகள சம்மேளனம் அதைத் தடை செய்தது 1928-ல்தான். ஒலிம்பிக்கில் பரிசோதனை வந்தது 1968-ல். ஹிக்ஸுடன் காரில் போன சார்லஸ் லூகாஸ், அடுத்த வருஷம் எழுதிய புத்தகத்தில், மருந்து ஓட்டக்காரர்களுக்கு ரொம்பப் பயன்படும் என்று பெருமையாகவே எழுதினார். மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

தடைக்குப் பிறகு என்ன ஆனார்?

அமெரிக்க அமெச்சூர் தடகள சங்கம் லோர்ஸுக்கு ஆயுள் தடை விதித்தது. 20 வயது கொத்தனாருக்கு ராத்திரி ஓட்டமும் முடிந்தது. அவர் மன்னிப்புக் கேட்டார். ஏமாற்றும் நோக்கம் இல்லை என்று சங்கம் ஏற்றுக்கொண்டு, சில மாதங்களிலேயே தடையை நீக்கியது.

1905 ஏப்ரல் 19. பாஸ்டன் மாரத்தான். முந்தைய வருஷம் நாடே சிரித்த ஆள் வந்து நிற்கிறார். அன்றைக்கு எத்தனை ஜோடிக் கண்கள் அவர் மேலேயே இருந்திருக்கும்! வழியில் ஒரு வண்டி பக்கத்தில் வந்தாலே சந்தேகப்பட்டிருப்பார்கள். லோர்ஸ் ஓடினார். 2 மணி 38 நிமிடம் 25 விநாடியில் முதல் ஆளாக வந்தார். இந்த முறை யாரும் குரல் எழுப்பவில்லை.

(மாரத்தான் தூரம் 42.195 கிலோமீட்டர் என்று நிரந்தரமானது 1921-ல்தான். அன்றைய பாஸ்டன் பாதை அதைவிடக் கொஞ்சம் குறைவு. அதனால் இந்த நேரத்தை இன்றைய நேரத்தோடு ஒப்பிட முடியாது.)

அவருக்கு முன்னும் பின்னும்

லோர்ஸ் முதல் ஆளும் இல்லை. 1896-ல் ஏதென்ஸில் நடந்த முதல் ஒலிம்பிக் மாரத்தானிலேயே, மூன்றாவதாக வந்த கிரேக்க வீரர் ஸ்பிரிடோன் பெலோகாஸ் குதிரை வண்டியில் வந்தது தெரிந்தது. நாலாவதாக வந்த ஹங்கேரியின் கியூலா கெல்னர் புகார் சொல்லி, மூன்றாம் இடத்தை வாங்கினார். 1980-ல் அதே பாஸ்டனில் ரோசி ரூயிஸ் என்ற பெண், முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் கூட்டத்திலிருந்து பாதையில் நுழைந்து முதலிடம் வாங்கினார். எட்டு நாளில் பட்டம் பறிக்கப்பட்டு, கனடாவின் ஜாக்குலின் காரோவுக்குக் கொடுக்கப்பட்டது. ஆனால் காரோவுக்குக் கிடைத்திருக்க வேண்டிய அந்த நேரத்துக் கைதட்டலை யாரால் திருப்பிக் கொடுக்க முடியும்? ரூயிஸ் 2019-ல் இறக்கும் வரை தப்பை ஒப்புக்கொள்ளவே இல்லை. கேட்ட உடனே ஒப்புக்கொண்ட லோர்ஸ் இந்த இடத்தில் ஒரு படி மேல்.

இப்போது பெரிய போட்டிகளில் நெஞ்சில் குத்துகிற நம்பர் அட்டையிலேயே ஒரு சிப் இருக்கும். பாதையில் அங்கங்கே விரித்திருக்கும் மேட்டைத் தாண்டும்போது நேரம் பதிவாகும். நடுவில் ஒரு மேட்டில் பதிவு இல்லை என்றால் மாட்டியாச்சு. 2023-ல் மெக்சிகோ சிட்டி மாரத்தானில் இப்படி சுமார் 11,000 பேர் பாதையை முழுசாக முடிக்காதவர்கள் என்று தெரியவந்தது. பரிசுப் பணம் வாங்கப்போகிறவர்கள் அல்ல, பெரும்பாலும் சாதாரண ஆட்கள். ஒரு மெடல், ஒரு செல்ஃபி, ஸ்டேட்டஸ்.

ஊர்ப் போட்டிகளில் சிப்புக்கெல்லாம் காசு இருக்காது. திரும்புகிற இடத்தில் ஒரு வாலண்டியர் நின்று கையில் ரிப்பனோ ரப்பர் பேண்டோ கொடுப்பார். அந்த ரப்பர் பேண்ட் இல்லாமல் வந்தால் கணக்கில் சேராது. சின்ன ஏற்பாடுதான், ஆனால் பைக்கில் குறுக்கே போகிறவரை அது பிடித்துவிடும். இது இல்லாத போட்டியில்தான் டீக்கடைப் பேச்சு கிளம்புகிறது. அதில் நிஜமாக ஓடி ஜெயித்தவன் பெயரும் சேர்ந்து கெடுகிறது.

லோர்ஸ் அதன்பிறகு ரொம்ப நாள் வாழவில்லை. 1914 பிப்ரவரி 4-ல் நிமோனியாவில் இறந்தார். வயது 29. பென்சிலின் கண்டுபிடிக்கப்பட இன்னும் 14 வருஷம் இருந்தது. எட்டிக்கொட்டை விஷம் குடித்து ஓடிய ஹிக்ஸ் 1952 வரை இருந்தார்.

1904 ஒலிம்பிக் மாரத்தான் முடிவுகளில், ஓடி முடித்த 14 பேரில் லோர்ஸ் இல்லை. பாஸ்டன் மாரத்தான் வெற்றியாளர் பட்டியலில் 1905-க்கு நேரே இன்றைக்கும் அவர் பெயர்தான் இருக்கிறது.