மண்டையோட்டுக்கு எண் கொடுத்த பொறியாளர்

தீராத கைநடுக்கத்தால் அவதியுறுவோருக்கு, மண்டையோட்டைத் திறக்காமலேயே மூளையில் சிகிச்சை அளிக்கும் முறை பிரிட்டனில் முதன்முறையாக 2016ஆம் ஆண்டு லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் பரிசோதிக்கப்பட்டது. தலையைச் சுற்றிப் பொருத்தப்படும் 1,024 சிறு கருவிகளிலிருந்து புறப்படும் கேளா ஒலி அலைகள், அதாவது அல்ட்ராசவுண்ட் அலைகள், மூளையின் ஆழத்தில் ஒரே இடத்தில் குவிந்து, நடுக்கத்துக்குக் காரணமான பகுதியை வெப்பத்தால் செயலிழக்கச் செய்கின்றன. இதற்கு முன்னதாக நோயாளியின் தலை சிடி ஸ்கேன் செய்யப்படுகிறது. அந்த ஸ்கேன் தரும் எண்களின் அளவீட்டுக்கு ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு என்று பெயர். மருத்துவம் பயிலாத, பல்கலைக்கழகப் பட்டமும் பெறாத ஒரு மின்பொறியாளரின் பெயர் அது.

காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் 1919 ஆகஸ்ட் 28ஆம் தேதி இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயர் மாவட்டத்தில் விவசாயி ஒருவரின் ஐந்தாவது குழந்தையாகப் பிறந்தார். பள்ளிப் பாடங்களைவிடப் பண்ணை இயந்திரங்களே அவரை ஈர்த்தன. வைக்கோல் போரின் உச்சியிலிருந்து தானே செய்த பறக்கும் கருவியுடன் குதித்துப் பார்த்த சிறுவன் அவர். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையில் ரேடார் கற்பித்த அவர், போருக்குப் பின் லண்டன் ஃபாரடே ஹவுஸ் கல்லூரியில் டிப்ளமா பெற்று, மேற்கு லண்டனின் ஹேஸ் பகுதியில் இருந்த ஈஎம்ஐ நிறுவனத்தில் சேர்ந்தார்.

அக்காலத்தில் உயிருள்ள மூளையைப் பார்ப்பதற்கு மண்டையோடே பெருந்தடை. எக்ஸ்ரே படத்தில் எலும்பின் நிழலுக்குள் மூளை மறைந்துபோகும். எனவே முதுகுத்தண்டு வழியே காற்றைச் செலுத்தி, கடும் தலைவலியை நோயாளி பொறுத்துக்கொள்ள, படம் எடுத்தனர். ஆஸ்திரியாவைச் சேர்ந்த கார்ல் டுசிக் 1940களில் கேளா ஒலி அலைகளைத் தலையினூடே செலுத்தி மூளையைப் படம்பிடிக்க முயன்றார். ஆனால் அப்படங்களில் தெரிந்தவற்றில் பெரும்பகுதி மூளையல்ல, மண்டையோடே ஏற்படுத்திய தோற்றங்கள் என்பது 1950களில் தெரியவந்தது.

காரணம் எளிதானதே. மூளைத் திசுவில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில் செல்கிறது. கெட்டியான எலும்பில் அது ஏறக்குறைய இரு மடங்கு. மண்டையோடோ ஒரே சீரான எலும்பு அல்ல; இரண்டு கடினமான தகடுகளும் அவற்றுக்கிடையே பஞ்சு போன்ற அடுக்கும் கொண்டது. அதன் தடிப்பும் இடத்துக்கு இடம் மாறும். ஆகவே ஒன்றாகப் புறப்பட்ட அலைகள் முன்பின்னாக வந்து சேர்ந்து, குவியவேண்டிய புள்ளியில் சிதறிவிடுகின்றன. ஒரு பகுதி திரும்பித் தெறிக்கிறது. ஒரு பகுதி எலும்பிலேயே உறிஞ்சப்பட்டு அதைச் சூடாக்குகிறது. இதனாலேயே அமெரிக்காவில் அக்காலத்தில் இந்த அலைகளால் மூளைச் சிகிச்சை செய்தவர்கள், முதலில் மண்டையோட்டின் ஒரு பகுதியை வெட்டி அகற்ற வேண்டியிருந்தது.

ஹவுன்ஸ்ஃபீல்ட் தேர்ந்தது எக்ஸ்ரே வழி. ஒரு பொருளைப் பல கோணங்களிலிருந்து அளந்தால், அதன் உள்ளே ஒவ்வோர் இடத்திலும் என்ன இருக்கிறது என்பதைக் கணினியால் கணக்கிட இயலும் என்று அவர் 1967இல் கருதினார். முதல் சோதனைக்கு ஒன்பது நாட்கள் ஆயின. இறைச்சிக்கூடத்திலிருந்து பெற்ற மாட்டு மூளைகளையும் அவர் ஆராய்ந்தார். பீட்டில்ஸ் இசைத்தட்டுகளின் வருவாயே இந்த ஆராய்ச்சிக்கு உதவியது என்ற கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் பிரிட்டிஷ் சுகாதாரத் துறை வழங்கிய தொகை, ஈஎம்ஐ செலவிட்டதைவிடப் பல மடங்கு அதிகம்.

1971 அக்டோபர் 1ஆம் தேதி, லண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் கதிரியக்க மருத்துவர் ஜேம்ஸ் ஆம்ப்ரோஸின் மேற்பார்வையில், மூளைக் கட்டி இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்மணி முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்டார். முன்மூளையில் இருந்த கட்டி படத்தில் தெளிவாகத் தெரிந்தது.

அவர் வகுத்த அளவுகோலில் தண்ணீருக்கு எண் பூச்சியம். தொடக்கத்தில் காற்றுக்கு மைனஸ் 500 என இருந்தது, பின்னர் மைனஸ் 1,000 ஆனது. எலும்பு நூற்றுக்கணக்கில் தொடங்கி ஆயிரத்தையும் தாண்டும். 1979ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை, இதற்கான கணிதத்தைத் தனியே வகுத்திருந்த ஆலன் கோர்மாக்குடன் அவர் பகிர்ந்துகொண்டார். 1981இல் சர் பட்டம் கிடைத்தது. ஆனால் ஈஎம்ஐ நிறுவனத்தால் போட்டியைத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஸ்கேனர் தொழில் சில ஆண்டுகளிலேயே கைமாறியது. திருமணம் செய்துகொள்ளாமல் எளிய வாழ்க்கை வாழ்ந்த ஹவுன்ஸ்ஃபீல்ட், 2004 ஆகஸ்ட் 12ஆம் தேதி காலமானார்.

அவரது எண்களே பின்னர் கேளா ஒலி அலைகளுக்கு வழிகாட்டின. மண்டையோட்டின் ஒவ்வொரு பகுதியின் அடர்த்தியையும் சிடி ஸ்கேன் எண்களிலிருந்து அறிந்து, அங்கே அலை எவ்வளவு முந்தும் என்பதைக் கணினி கணக்கிடுகிறது. அதற்கேற்ப ஒவ்வொரு கருவியும் அலையை அனுப்பும் நேரம் திருத்தப்படுகிறது. எலும்பு சூடேறாதிருக்க, மழித்த தலையைச் சுற்றிக் குளிர்ந்த நீர் ஓடுகிறது.

அதே எண்கள் சிலருக்கு வாயிலை அடைக்கவும் செய்கின்றன. மண்டையோட்டின் பஞ்சு அடுக்குக்கும் கெட்டியான தகடுகளுக்கும் இடையிலான அடர்த்தி விகிதம் பொதுவாக 0.4க்கும் குறைவாக இருந்தால், போதிய வெப்பம் மூளையை எட்டுவது கடினம். கை எவ்வளவு நடுங்கினாலும், அத்தகையோர் பலருக்கு மண்டையோட்டில் துளையிடும் அறுவைச் சிகிச்சையோ மருந்துகளோதான் எஞ்சுகின்றன.