மார்க்கமும் மகுடமும்: திப்பு சுல்தான் சரிதை

இன்று தர்மபுரி என்றும் கிருஷ்ணகிரி என்றும் இரண்டு மாவட்டங்களாக விளங்கும் பூமிக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன் பாராமஹால் என்று பெயர். பன்னிரண்டு மஹால்களைக் கொண்ட சீமை என்பது அதன் பொருள். ஹைதர் அலியும் அவருடைய புதல்வர் திப்பு சுல்தானும் ஆண்ட சீமை இது. இப்பகுதி முஸ்லிம் வீடுகளில் திப்புவின் பெயரை எடுத்தால் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அது நியாயமே. வெள்ளையரிடம் கும்பினி மானியம் வாங்கி வாழ்ந்த மன்னர்கள் மலிந்திருந்த காலத்தில், வாளேந்தியபடி தம் கோட்டை வாசலிலேயே ஷஹீதானவர் அவர்.

ஆயினும் வாசகப் பெருமக்களே, ஒருவரை நேசிப்பது வேறு; அவர் செய்தவற்றையெல்லாம் மார்க்கம் என்று எண்ணிக்கொள்வது வேறு. திப்புவின் வாழ்க்கையில் தீன் எங்கே நின்றது, அரசியல் எங்கே தீனின் போர்வையைப் போர்த்திக்கொண்டது என்பதைப் பிரித்துப் பார்ப்பது நமக்கு அவசியமாகிறது. பல சமயத்தார் சேர்ந்து வாழும் நாட்டில் வாழ்கிறோம் நாம்.

திப்பு 1750ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் தேதி, பெங்களூருக்கு வடக்கே உள்ள தேவனஹள்ளியில் பிறந்தார். தாயார் பாத்திமா பக்ருன்னிஸா. ஆற்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் அவுலியாவின் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள். ஆகவே மைசூர்ப் புலி என்று உலகம் அழைக்கும் மன்னரின் பெயர், நம் தமிழ்நாட்டு இறைநேசர் ஒருவரிடமிருந்து போன பெயர். எழுதப் படிக்க அதிகம் அறியாத தந்தை, மகனுக்கு ஓதுவித்தும் படிப்பித்தும் வளர்த்தார். 1782 டிசம்பரில் சித்தூருக்கு அருகே போர்ப் பாசறையில் ஹைதர் அலி வபாத்தானபோது திப்பு மலபாரில் இருந்தார். விரைந்து வந்து பொறுப்பேற்றார். 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கையில் கும்பினியார் அவரிடம் சமாதானம் செய்துகொண்டனர்.

தொழுகையில் பேணுதல் உள்ளவர். மதுவை நாட்டிலிருந்து ஒழிக்க முயன்றவர்; வருமானம் குறையுமே என்று பார்க்கவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டைக்குள் மஸ்ஜிதே அஃலா என்னும் அழகிய பள்ளிவாசலை எழுப்பினார். அவருடைய நூலகத்தில் சுமார் 2000 நூல்கள் இருந்தன. கண்ட கனவுகளைத் தம் கையாலேயே பார்ஸியில் குறித்து வைத்திருந்தார். அந்த ஏடு பிற்பாடு வெள்ளையர் கையில் அகப்பட்டு லண்டன் போய்ச் சேர்ந்தது. இவையெல்லாம் தனிமனிதரின் பக்தி. இதில் நமக்குப் பேச ஒன்றுமில்லை.

பேச வேண்டியது குத்பாவில் தொடங்குகிறது.

1786இல் திப்பு தம்மைப் பாதுஷா என்று அறிவித்துக்கொண்டார். அதுவரை ஜும்ஆ குத்பாவில் டில்லி மொகலாயச் சக்கரவர்த்தி ஷா ஆலத்தின் பெயரை வாசிப்பது வழக்கம். ஷா ஆலமோ சிந்தியாவின் கைப்பிடிக்குள் இருந்தார். கைதியாகிவிட்ட ஒருவர் பெயரை ஏன் சொல்ல வேண்டும் என்று திப்பு அதை நீக்கிவிட்டுத் தம் பெயரை வாசிக்கச் செய்தார். பாராமஹாலும் அப்போது அவர் ஆட்சியில்தான் இருந்தது. நாணயங்களுக்கு அஹ்மதி, சித்தீக்கி, பாரூக்கி, இமாமி, ஹைதரி என்று புனிதமான பெயர்களைச் சூட்டினார். செம்புக் காசில் யானை. வெள்ளிக் காசில் இமாம்களின் பெயர்! ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கையே மாற்றி மௌலூதி என்ற புதிய கணக்கை ஏற்படுத்தினார். அரசாங்கத்துக்குச் சர்க்காரே குதாதாத், அதாவது இறைவன் அளித்த அரசாங்கம், என்று பெயர்.

இங்கே ஒரு மஸ்அலாவைச் சொல்லிவிடுவது நல்லது. ஷாஃபிஈ மத்ஹபில் குத்பாவின் பர்ளுகள் ஐந்து: அல்லாஹ்வைப் புகழ்வது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்து, தக்வாவைக் கொண்டு வஸிய்யத்து, குர்ஆனிலிருந்து ஓர் ஆயத்து, முஃமின்களுக்காக துஆ. இவற்றுள் அரசர் பெயர் எங்கே இருக்கிறது? ஹனஃபி மத்ஹபிலும் அது நிபந்தனை அல்ல. ஆட்சியாளருக்காக துஆச் செய்யலாம் என்று உலமாக்கள் அனுமதித்தது வேறு விஷயம். அரண்மனைகள் அந்த அனுமதியைப் பிடித்துக்கொண்டு, மிம்பரை முடிசூட்டு மேடையாக ஆக்கிவிட்டன. திப்பு தொடங்கிய வழக்கமல்ல இது. பக்தாதில் தொடங்கி டில்லி வரை எல்லா அரசர்களும் செய்ததைத்தான் அவரும் செய்தார். ஆனால் ஷா ஆலத்தின் பெயரை எடுத்ததும் திப்புவின் பெயரைப் போட்டதும் தீனின் காரியமல்ல, அரசியல் காரியம். இதைத் தெளிவாக உணரவேண்டும்.

டில்லியின் அங்கீகாரத்தை உதறியவருக்கு வேறோர் அங்கீகாரம் தேவைப்பட்டது. அதே 1786இல் துருக்கி கலீபாவிடம் ஒரு பெரிய தூதுக்குழுவைக் கப்பலேற்றினார். 1787இல் அது கான்ஸ்டாண்டிநோபிளை அடைந்தது. வழியிலும் அங்கேயும் நோய்வாய்ப்பட்டுப் போனவர்களில் பெரும்பகுதியினர் மாண்டுபோயினர். ஸுல்தான் அப்துல் ஹமீது பட்டத்தை அங்கீகரித்தார். படை உதவி கிடைக்கவில்லை. ருஷ்யாவோடு போரில் மாட்டிக்கொண்டிருந்த துருக்கிக்கு இங்கிலாந்தின் நட்பு வேண்டியிருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்து முஸ்லிம் மன்னரைவிட லண்டன் மந்திரிகள் அவர்களுக்கு முக்கியமாயினர்.

இனி, எழுதக் கை கூசும் பகுதிக்கு வருகிறோம். எழுதாமல் விட்டால் இந்தச் சரிதை பொய்யாகிவிடும்.

குடகு நாட்டார் மீண்டும் மீண்டும் கலகம் செய்தனர். 1785இன் இறுதியில் திப்பு அங்கே படையோடு சென்று, பெருந்திரளான மக்களைப் பிடித்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுவந்து, கத்னா செய்வித்து இஸ்லாத்தில் சேர்த்ததாக அறிவித்தார். ஆண்களைப் படையில் சேர்த்தார். 1788, 89ஆம் ஆண்டுகளில் மலபாரில் நாயர்களுக்கும் இதுவே நேர்ந்தது. கன்னடக் கரையோரக் கிறிஸ்தவர்கள் கும்பினிக்கு உதவினார்கள் என்று சொல்லி 1784இல் சிறைபிடிக்கப்பட்டு மலைமேலே நடத்திச் செல்லப்பட்டனர். எண்ணிக்கையைக் கும்பினியார் வேண்டுமென்றே பெருக்கி எழுதினர் என்பது மெய்தான். ஆனாலும் திப்புவின் சொந்தக் கடிதங்களே இதற்குச் சாட்சி சொல்லும்போது, நடக்கவே இல்லை என்று நாம் வாதாட முடியாது.

கலகம் செய்தவனுக்கு அரசன் தண்டனை கொடுப்பான். எந்த அரசனும் கொடுத்தான். ஆனால் கலிமாவையே தண்டனையாகக் கொடுப்பது என்ன நியாயம்? உள்ளம் ஒப்புக்கொண்டு நாவால் மொழிவதற்குப் பெயர் ஈமான். மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்பதை நம் பிள்ளைகள் மக்தபிலேயே ஓதுகிறார்கள். தண்டனையாகப் பெற்ற மார்க்கத்தை எவன் நேசிப்பான்? 1792இல் வெள்ளையர் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டபோது, கிடைத்த சந்தர்ப்பத்தில் குடகர்கள் கூட்டங்கூட்டமாய்த் தப்பி ஊர் திரும்பினர். திப்புவின் காவலிலிருந்து 1788இல் தப்பிய குடகு அரசர் வீரராஜேந்திரர், பம்பாயிலிருந்து வந்த கும்பினிப் படைக்குத் தம் மலைவழிகளைத் திறந்துவிட்டார். ஆக, அரசியல் கணக்கிலும் அது நஷ்டமே. மார்க்கத்துக்கு ஏற்பட்ட நஷ்டமோ இன்னும் தீரவில்லை. கர்நாடக அரசு 2015இல் திப்பு ஜயந்தி கொண்டாடத் தொடங்கியபோது குடகில்தான் கலவரம் மூண்டு உயிர் போயிற்று. 2019இல் அந்த விழாவையே அரசு நிறுத்திவிட்டது. ஒரு கட்சி திப்புவை வைத்து ஓட்டுச் சேர்த்தது. இன்னொரு கட்சி திப்புவை எதிர்த்து ஓட்டுச் சேர்த்தது.

முஸ்லிம் அல்லாதார் மீதுதான் அவர் படையெடுத்தார் என்று நினைத்துவிட வேண்டாம். மலபார் மாப்பிள்ளைமாரும் வரிச்சுமை தாளாமல் எழுந்தபோது அடக்கப்பட்டனர். தம் குடும்பத்தோடு சம்பந்தம் செய்திருந்த சாவனூர் நவாபின் ஊரை 1786இல் பிடித்துக்கொண்டார். நாற்காலிக்கு ஆபத்து என்றால் ஸலாம் சொன்னவரும் பகைவரே.

இதே மனிதரின் மறுபக்கத்தையும் பாருங்கள். 1791இல் மராட்டியப் படையோடு வந்த கூட்டம் சிருங்கேரி மடத்தைச் சூறையாடியது. சாரதை ஆலயம் சிதைந்தது. மராட்டியர் ஹிந்துக்கள், மடமும் ஹிந்துக்களுடையது! சங்கராச்சாரியார் உதவி கேட்டது திப்புவிடம். அவர் வருத்தம் தெரிவித்து எழுதி, 200 ரஹதி பணமும் அவ்வளவு மதிப்புள்ள தானியமும் கொடுக்க உத்தரவிட்டார். மடத்துக்கு அவர் எழுதிய சுமார் 30 கடிதங்களை 1916இல் மைசூர் தொல்பொருள் துறையின் தலைவர் நரசிம்மாச்சார் கண்டெடுத்தார். அரண்மனைக்கு அருகிலேயே ரங்கநாதர் ஆலயத்தில் பூஜை தடையின்றி நடந்தது. கஜானாக் கணக்கைப் பார்த்தவர் பூர்ணையா என்ற பிராமணர். இதையும் அரசியல் என்று சொல்லுவோர் உண்டு. இருக்கட்டும். பிற சமயத்தார் வழிபாட்டுத் தலத்தைக் காப்பது முஸ்லிம் ஆட்சியாளர் மீதுள்ள கடமை என்பது ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் பைத்துல் முகத்தஸில் நடந்து காட்டிய வழி. அரசியலும் தீனும் ஒரே திசையில் நின்ற இடம் இது.

பாராமஹாலுக்கு வருவோம். 1790இல் மூன்றாம் மைசூர் யுத்தம் தொடங்கியது. கும்பினி, மராட்டியர், ஹைதராபாத் நிஜாம் மூவரும் ஓரணி. திப்பு முன்பே நிஜாமுக்குத் தூதனுப்பி, ஒரே மார்க்கத்தார் என்று சொல்லி உறவு கேட்டிருந்தார். நிஜாம் இசையவில்லை. ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவும் பக்தியுள்ள முஸ்லிம்தான். அவரும் கும்பினியின் பக்கமே. 1791இல் ராயக்கோட்டையும் பென்னாகரமும் வெள்ளையர் வசமாயின. கிருஷ்ணகிரி மலைக்கோட்டையை மட்டும் அவர்களால் பிடிக்க முடியவில்லை. ஆனால் 1792 மார்ச் உடன்படிக்கையில் பாதி ராஜ்யம் போயிற்று. 3 கோடியே 30 லட்சம் ரூபாய் அபராதம். இரண்டு மகன்கள் பிணைக் கைதிகள். கிருஷ்ணகிரியும் தர்மபுரியும் பேனா முனையில் கும்பினிக்குப் போயின. ரீட் என்ற தளபதி கலெக்டராக வந்தார். அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோ தர்மபுரியில் தங்கி வரி வசூலித்தார். பிற்காலத்தில் சென்னை கவர்னரான அதே மன்றோதான்.

திப்பு ஓயவில்லை. காபூல் அரசர் ஜமான் ஷாவுக்கு ஜிஹாத் செய்ய வருமாறு எழுதினார். அதே சமயம் பிரெஞ்சுக்காரரிடமும் உதவி தேடினார். வெள்ளையர் இந்த விளையாட்டைத் திருப்பி ஆடக் கற்றிருந்தனர். 1798இல் நெப்போலியன் மிஸ்ரு நாட்டைப் பிடித்ததும் துருக்கி ஸுல்தான் ஸலீம் பிரான்சுக்கு எதிரியானார். கும்பினிக்காரர்களின் ஏற்பாட்டில் அவர் திப்புவுக்கு ஒரு கடிதம் எழுதினார். பிரெஞ்சுக்காரர் இஸ்லாத்தின் விரோதிகள், அவர்களை நம்பி ஆங்கிலேயரோடு மோத வேண்டாம் என்பது சாரம். கலீபாவின் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தது யார்? கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி! 1799 ஜனவரியில் அதை அனுப்பிவைத்தார். கலீபாவை நாடித் தூது அனுப்பிய மன்னரின் வாசலுக்கு, பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, கலீபாவின் பெயராலேயே பகைவன் வந்து நின்றான். திப்பு பிப்ரவரியில் மிக மரியாதையாகப் பதில் எழுதி ஆங்கிலேயரின் கொடுமைகளை முறையிட்டார். அதற்குள் படை புறப்பட்டுவிட்டது.

அது ஹிஜ்ரி 1213 ரமழான் மாதம். வேலூரிலிருந்து கிளம்பிய ஜெனரல் ஹாரிஸின் படையோடு ஆம்பூர் அருகே நிஜாமின் படை வந்து சேர்ந்தது. பாராமஹால் வழியாக ராயக்கோட்டைக்குப் போய், மார்ச் முதல் வாரத்தில் மைசூர் எல்லையைக் கடந்தார்கள். ரமழான் மாதத்தில் ஒரு முஸ்லிம் அரசரின் படை, இன்னொரு முஸ்லிம் அரசரை அழிக்கக் கும்பினிக் கொடியின் கீழ் நம் ஊர்ப் பாதைகளில் நடந்து சென்றது. அந்தப் படையாட்களிலும் நோன்பாளிகள் இருந்திருப்பார்கள்.

1799 மே 4ஆம் நாள், துல்கஃதா மாதக் கடைசியில், கோட்டை மதில் உடைந்தது. துரோகம் செய்ததாகச் சரித்திரம் சொல்லும் மீர் சாதிக் ஒரு முஸ்லிம். தப்பியோட வழி தேடாமல் வாயிலில் நின்று போரிட்டு திப்பு ஷஹீதானார். மறுநாள் இடியும் மழையுமாக இருந்த மாலையில், பெற்றோரின் பக்கத்தில் கும்பஸில் அடக்கம் செய்தனர். அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்து நற்கூலி வழங்குவானாக. கும்பினியோடு நின்ற வாலாஜா வம்சத்துக்கு என்ன கிடைத்தது? ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அகப்பட்ட கடிதங்களைச் சாக்காக வைத்து 1801இல் கர்நாடக நவாபின் நாட்டையும் கும்பினியே விழுங்கிவிட்டது.

திப்புவின் குடும்பத்தை வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1806 ஜூலை 10ஆம் தேதி அங்கே சிப்பாய்கள் எழுந்தனர். நெற்றிக் குறியை அழி என்றதால் ஹிந்துச் சிப்பாய்களும், தாடியை எடு என்றதால் முஸ்லிம் சிப்பாய்களும் சேர்ந்து எழுந்து திப்புவின் புலிக்கொடியை ஏற்றினார்கள். ஒரே பகலில் அடக்கப்பட்டார்கள். குடும்பம் கல்கத்தாவுக்கு நாடு கடத்தப்பட்டது. அங்கே கடைசி மகன் குலாம் முஹம்மது 1842இல் ஒரு பள்ளிவாசலைக் கட்டினார். தர்மதலாவில் திப்பு சுல்தான் மஸ்ஜித் என்று இன்றும் அது நிற்கிறது. ஐவேளையும் பாங்கு ஒலிக்கிறது. அதன் கல்வெட்டில் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லியிருக்கிறது. கூடவே, 1840இல் தம்முடைய மானிய பாக்கியை வழங்கிய கும்பினி டைரக்டர்களின் நினைவாகவும் கட்டியதாகப் பொறித்திருக்கிறது.