எட்டிக்கொட்டை முதல் தாலியம் வரை... விஷத்தை வைத்தே கதை சொன்ன அகதா கிறிஸ்டி யார்?

சேலம் பக்கம் பனமரத்துப்பட்டிக்குப் போனா, எங்க பார்த்தாலும் அரளித் தோட்டம்தான். சாமிக்கு மாலையாகும் இந்தச் செடியோட இலை, பூ, விதை, வேர் எல்லாத்திலும் இதயத் துடிப்பையே குலைக்கிற விஷம் இருக்கு.

இதே மாதிரி இதயத்தைத் தாக்குற இன்னொரு செடி டிஜிட்டாலிஸ். அதோட விஷத்தை வச்சு 1938-லேயே துப்பறியும் நாவல் எழுதியவர் அகதா கிறிஸ்டி. விஷத்தைப் பத்தி இவருக்கு எப்படி இவ்வளவு தெரிஞ்சது?

மருந்து அலமாரியில் பிறந்த கதை

1890 செப்டம்பர் 15-ல் இங்கிலாந்தின் டார்க்கி நகரில் பிறந்தார் அகதா. முதல் உலகப்போரில் தன்னார்வ நர்ஸாகச் சேர்ந்து, பிறகு மருத்துவமனை மருந்தகத்துக்கு மாறினார். 1917-ல் மருந்து கலக்குவதற்கான தேர்விலும் பாஸ் ஆனார்.

பயிற்சியின்போது ஒரு சம்பவம். அனுபவசாலியான மருந்தாளுநர் ஒருவர் தசமப் புள்ளியைத் தப்பாகப் போட்டதால், மருந்தில் வீரியம் 10 மடங்கு கூடிடுச்சு. கவனித்த அகதா, பெரியவரிடம் நேரடியாகச் சொல்லத் தயங்கினார். தடுக்கி விழுவது போல நடித்து, அந்தத் தட்டையே கவிழ்த்துவிட்டார்.

மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவில் இருப்பது அளவுதான். அந்தப் பாடம் கடைசி வரை அவரை விடவில்லை.

முதல் கதையிலேயே எட்டி

1920-ல் வெளியான முதல் நாவலிலேயே கொலைக்கருவி ஸ்ட்ரிக்னைன். நம்ம ஊர் எட்டிக்கொட்டையில் இருக்கும் அதே விஷம். துப்பறியும் ஹெர்குல் பாய்ரோ அறிமுகமானதும் அதில்தான். விஷத்தைச் சரியாகக் கையாண்டிருப்பதாக மருந்தியல் இதழே பாராட்டியது.

1926-ல் திடீரென 11 நாட்கள் காணாமல் போய் நாட்டையே பரபரப்பாக்கினார். முதல் திருமணம் முறிந்து, 1930-ல் தொல்லியல் அறிஞர் மேக்ஸ் மல்லோவனை மணந்தார். இரண்டாம் உலகப்போரில் மறுபடியும் மருந்தக வேலை. மொத்தம் 66 துப்பறியும் நாவல்கள்!

கொலைக்கு வழிகாட்டியா?

1961-ல் தாலியம் விஷத்தை வைத்து 'தி பேல் ஹார்ஸ்' எழுதினார். 1971-ல் இங்கிலாந்தில் ஒருவன் நிஜமாகவே தாலியம் கொடுத்து சக ஊழியர்கள் இரண்டு பேரைக் கொன்றான். நாவலைப் பார்த்துத்தான் செய்தானா என்ற கேள்வி எழுந்தது. படிக்கவே இல்லை என மறுத்தான் அவன்.

1976 ஜனவரி 12-ல் அகதா காலமானார். அடுத்த வருஷமே அந்தக் கேள்விக்கு வேறொரு பதில் கிடைச்சது. கத்தாரிலிருந்து லண்டன் மருத்துவமனைக்கு வந்த 19 மாதக் குழந்தைக்கு என்ன நோய் என்றே டாக்டர்களுக்குப் புரியவில்லை. அப்போது அதே நாவலைப் படித்துக்கொண்டிருந்த ஒரு நர்ஸ், முடி கொட்டுவதைக் கவனித்து, தாலியமாக இருக்குமோ எனச் சந்தேகப்பட்டார். சோதனையில் அது உறுதியானது. வீட்டில் பயன்படுத்திய பூச்சிமருந்துதான் காரணம். குழந்தை பிழைத்தது!

நமக்கு என்ன பாடம்?

விஷம் கண்டறியும் அரசு ஆய்வகம் சென்னையில் 1849-லேயே வந்துடுச்சு. ஆனா உயிரைக் காப்பாத்த, ஆய்வக ரிப்போர்ட்டுக்கு முன்னாடியே டாக்டருக்குத் தகவல் தேவை. யாராவது அரளியைச் சாப்பிட்டுட்டா, கை வைத்தியம் பார்த்து நேரத்தை வீணாக்காதீங்க. 108-க்குப் போன் பண்ணுங்க, சாப்பிட்டது என்னன்னு மறைக்காமச் சொல்லுங்க. அந்தக் குழந்தையைக் காப்பாத்தியதும், விஷம் எதுன்னு சரியான நேரத்தில் தெரிஞ்சதுதான்.