நாடகம் ஈந்த வள்ளல்

பொன்னும் நிலமும் அறத்திற்கு ஈந்தோர் உலகிற் பலர். தாம் இயற்றிய நாடகத்தையே நோயுற்ற சிறுவர்க்கு உடைமையாக்கிச் சென்றவர் ஜேம்ஸ் பாரி என்னும் பெரியார்.

இவர் 1860ஆம் ஆண்டில், ஸ்காத்லாந்து நாட்டுக் கிரிமூர் என்னும் சிற்றூரில், கைத்தறி நெசவாளர் ஒருவரின் மகனாகத் தோன்றினார். இவர் ஆறு வயதினராயிருந்தபோது, தமையன் டேவிட் பனிக்கட்டியின்மேற் சறுக்கி விளையாடுமிடத்து நேர்ந்த விபத்தில் உயிர் துறந்தான். மறுநாள் அவனுக்குப் பதினான்காவது பிறந்தநாள். அன்னையார் ஆற்றொணாத் துயருற்றார். இறந்த மகன் என்றும் சிறுவனாகவே இருப்பான் என்னும் எண்ணம் ஒன்றே அவருக்கு ஒருவாறு ஆறுதல் அளித்தது.

பாரி கல்வியில் தேர்ந்து இலண்டன் மாநகர் சேர்ந்து, நாடக ஆசிரியராய்ப் புகழெய்தினார். அங்கு ஒரு குடும்பத்துச் சிறுவரோடு விளையாடி மகிழ்ந்தார். அவ்விளையாட்டிலிருந்து உருப்பெற்றதே, என்றும் வளராத சிறுவனைப் பற்றிய ‘பீட்டர் பான்’ என்னும் நாடகம். அது 1904இல் அரங்கேறியது. பின்னர் அச்சிறுவர் ஐவரும் தாய்தந்தையரை இழந்தபோது, மக்கட்பேறு இல்லாத பாரியே அவர்களைப் பேணி வளர்த்தார்.

இலண்டனில் கிரேட் ஆர்மண்டு தெருவில், 1852இல் பத்துப் படுக்கைகளுடன் தொடங்கிய சிறுவர் மருத்துவமனை ஒன்று உண்டு. அதனை விரிவாக்க நிலம் வாங்கக் கருதியோர், பொருள் திரட்டும் குழுவில் சேருமாறு 1929இல் பாரியை வேண்டினர். அவர் அதற்கு இசையவில்லை. வேறு வழியில் உதவக்கூடும் என்று மட்டும் தெரிவித்தார். இரண்டு திங்களில் பீட்டர் பானுக்குரிய உரிமை முழுவதையும் மருத்துவமனைக்கு வழங்கினார். நாடகம் நடிக்கப்படுந்தோறும், நூல் விற்கப்படுந்தோறும் ஆசிரியர்க்கு உரிய பொருள் அதனைச் சேர்வதாயிற்று. அத்தொகை எவ்வளவு என்பதை வெளியிடலாகாது என்பதும் அவர் விருப்பம். மருத்துவமனை அவ்விருப்பத்தைப் போற்றி வருகிறது.

உயில் எழுதாது இறந்தவர் உடைமை, சட்டப்படி உறவினரையே சேரும். அவர் உள்ளத்திற் கருதியிருந்த அறம் அவரோடு மறைந்துவிடும். பாரி இதனை நன்குணர்ந்தவர் போலும். தாம் முன்னரே வழங்கிய கொடையை உயிலிலும் எழுதி உறுதிப்படுத்தினார். 1937இல் அவர் காலமானார். பிறந்த ஊரிலேயே, தம் குடும்பத்தார் அருகில் அடக்கம் செய்யப்பெற்றார்.

ஆசிரியர் மறைந்து ஐம்பது ஆண்டுகள் கழிந்தால் நூலுரிமை நீங்கும் என்பது அக்காலத்து அந்நாட்டுச் சட்டம். அதன்படி 1987இன் இறுதியில் அவ்வுரிமை முடிவுற்றது. ஆயின், முன்னாள் தலைமை அமைச்சர் ஜேம்ஸ் காலகன் முயற்சியால், 1988இல் பாராளுமன்றம் தனி விதி ஒன்று இயற்றியது. பிரிட்டனில் பீட்டர் பான் ஈட்டும் உரிமைத் தொகை, அம்மருத்துவமனை நிலைத்திருக்குங்காறும் அதற்கே உரியது என்பது அவ்விதி.

பாரி மருத்துவம் கற்றவரல்லர். ஆயினும், என்றும் வளராத சிறுவனைப் பற்றி அவர் புனைந்த கதை, நோயினின்று மீண்டு வளர வேண்டிய சிறுவர் பலர்க்குத் துணை நிற்கின்றது. தம்மிடம் உள்ளது எதுவாயினும், அதனை அறத்திற்கு உரியதென்று காலத்தே முறைப்படி எழுதி வைப்போரின் கொடை, அவர் மறைந்த பின்னும் பயன் தரும்.