கதைகளைத் திருப்பி எழுதியவர்

ரோல்டு டால் 1916ஆம் ஆண்டு வேல்சு நாட்டில் பிறந்தார். பெற்றோர் நார்வேயிலிருந்து குடியேறியவர்கள். அவருக்கு மூன்று வயதானபோது, அக்காளும் தந்தையும் சில வார இடைவெளியில் இறந்தனர். தாய்நாடு திரும்புவதே தாய்க்கு எளிது. ஆயினும், பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளியில் பயில வேண்டும் என்ற கணவரின் விருப்பத்திற்காக அங்கேயே தங்கினார். நார்வே நாட்டுப் பூதக்கதைகளைச் சொல்லி அவர்களை வளர்த்தார்.

டால் பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளரானார். 1982இல் பழைய தேவதைக் கதைகள் ஆறினை வேடிக்கைப் பாடல்களாக மாற்றினார். வேடிக்கைதான், ஆனால் அச்சமூட்டும் வேடிக்கை! இளவரசன் சிண்டரெல்லாவின் தமக்கையர் தலைகளை வெட்டுகிறான். அவளோ அவனை வெறுத்து, பழப்பாகு செய்யும் எளியவனை மணக்கிறாள். செந்தொப்பிச் சிறுமி ஓநாயைத் தானே சுட்டு வீழ்த்தி, அதன் தோலைப் போர்த்திக்கொள்கிறாள். பெரியோர் சிலர் முகஞ்சுளித்தனர். சிறுவர்கள் விரும்பிப் படித்தனர்.

அந்நூலைக் காணத் தாய் இல்லை; 1967இலேயே மறைந்திருந்தார்.