இரேனியஸ்: பொருளைப் பெயர்த்தவர்

நுழையும்முன்

மொழிபெயர்ப்பு என்பது ஒரு சொல்லுக்கு ஈடாக மற்றொரு சொல்லை வைப்பதன்று. ஒரு நிலத்தில் பிறந்த கருத்தை மற்றொரு நிலத்தில் வேரூன்றச் செய்வது. மூலத்திற்கு உண்மையாக இருப்பதா, கேட்போருக்குப் புரியச் செய்வதா என்னும் வினாவிற்கு விடை தேடிய ஒருவரின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சாரல் நிலமும் பனி நிலமும்

ஆனி, ஆடி மாதங்களில் குற்றால மலையில் பெய்யும் சாரலின் குளிர்ச்சி தென்காசி வயல்வெளிவரை பரவும். அருவியையும் சாரலையும் நன்கறிந்த அம்மக்கள், பஞ்சுபோல் விழுந்து நிலத்தை வெண்மையாக மூடும் வான்பொழிவைக் கண்டதில்லை. அவர்களுக்குப் பனி என்பது மார்கழி விடியலில் புல்நுனியில் தங்கும் நீர்த்துளியே. விவிலியமோ தூய்மைக்கு உவமையாக அவ்வெண்பொழிவைக் காட்டுகிறது. அதனைப் பனி என்று மட்டும் எழுதினால் ஈரம் மனத்தில் தோன்றும், வெண்மை தோன்றாது. தென்காசியையும் குற்றாலத்தையும் உள்ளடக்கியிருந்த அக்காலத் திருநெல்வேலிச் சீமையில், இத்தகைய மொழிபெயர்ப்பு இடர்களோடு போராடியவர் இரேனியஸ்.

தமிழ் கற்ற மாணவர்

சார்லஸ் தியோபிலஸ் எவால்ட் இரேனியஸ், 1790ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் பிரஷ்ய நாட்டின் கிராடென்ஸ் நகரில் பிறந்தார். பெர்லினில் இறைப்பணிக்கான கல்வி பெற்று, 1814இல் சென்னைக்கு வந்தார். 1820இல் பாளையங்கோட்டையை அடைந்து, அதனையே தம் பணிக்களமாகக் கொண்டார். திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் மாணவராக அமர்ந்து தமிழ் இலக்கண, இலக்கியங்களைக் கற்றார். பள்ளிகளை நிறுவியதோடு, தமிழ் இலக்கண நூலொன்றை ஆங்கிலத்திலும், ‘பூமிசாஸ்திரம்’ என்னும் புவியியல் நூலைத் தமிழிலும் இயற்றினார்.

பெயர்ப்பில் எழுந்த சிக்கல்

விவிலியத்தின் தமிழாக்கம் இரேனியஸுக்கு முன்னரே தொடங்கியிருந்தது. சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. பின்னர் பெப்ரிசியஸ் மூலத்தின் சொல்லமைப்பை ஒட்டிய மொழிபெயர்ப்பைத் தந்தார். மக்கள் அதனைப் பெரிதும் மதித்தனர். எனினும், அதன் தொடர்கள் பல தமிழ்ச் செவிக்கு அயன்மையாக ஒலித்தன. அதனைத் திருத்தும் பொறுப்பு இரேனியஸிடம் ஒப்படைக்கப்பட்டது.

அப்பணி எளிதன்று. புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான் உண்டு. தமிழிலோ நாம், நாங்கள் என இரண்டு உள. புயலில் சிக்கிய படகில் சீடர்கள் இயேசுவை எழுப்பி, தாங்கள் மடிவதாகக் கதறும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அங்கு நாம் என எழுதினால் இயேசுவும் மடிவார் என்று பொருள்படும். நாங்கள் என எழுதினால் அவர் அந்த அழிவுக்கு அப்பாற்பட்டவராகிறார். அவ்வாறே கிரேக்கத்தின் ஒரே முன்னிலை ஒருமைச் சொல்லை, தமிழில் பேசுவோரின் உறவறிந்து நீ என்றோ நீர் என்றோ எழுத வேண்டும். மூலம் கூறாத ஒன்றை மொழிபெயர்ப்பாளரே முடிவு செய்ய வேண்டிய நிலை அது.

தம் மொழிபெயர்ப்பு நெறியை இரேனியஸ் 1827இல் ஆங்கிலக் கட்டுரையாக வெளியிட்டார். மூலத்தின் சொற்கிடக்கையை அப்படியே பின்பற்றுவது உண்மையான பெயர்ப்பாகாது. கருத்தைப் பெறும் மொழியின் இயல்பிற்கேற்ப உரைப்பதே உண்மை என்பது அவர்தம் கொள்கை. அந்நெறியில் அமைந்த அவருடைய புதிய ஏற்பாடு 1833இல் வெளிவந்தது. அதன் தமிழ் நடை தெளிவாக இருந்தது. ஆயினும், அது மூலத்தைவிட்டு விலகி விளக்கவுரையாகிவிட்டது எனச் சிலர் குறை கூறினர். பழகிய சொற்களைத் திருமறையாகவே போற்றியோருக்கு மாற்றம் உவப்பாக இல்லை.

நிறைவும் தொடர்ச்சியும்

திருச்சபை ஒழுங்குமுறை பற்றிய கருத்து வேறுபாட்டால், 1835இல் இரேனியஸ் தாம் சார்ந்திருந்த சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். சிறிது காலம் விலகியிருந்த அவர், மக்கள் அழைப்பை ஏற்றுத் திரும்பி வந்து பணியைத் தொடர்ந்தார். 1838ஆம் ஆண்டு சூன் 5ஆம் நாள், நாற்பத்தேழாம் அகவையில் இயற்கை எய்தினார். பாளையங்கோட்டை மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவருடைய மொழிபெயர்ப்பு நெடுங்காலம் வழக்கில் நிலைக்கவில்லை; அவர் எழுப்பிய வினா நிலைத்தது. பவர் தலைமையிலான குழுவினர் பெப்ரிசியஸின் பெயர்ப்பை அடிப்படையாகக் கொண்டு, இரேனியஸின் பெயர்ப்பையும் ஒப்புநோக்கித் திருத்திய விவிலியம் 1871இல் வெளிவந்தது. மூலத்தின்மீது பெப்ரிசியஸ் கொண்ட பற்றும், தமிழ் இயல்பின்மீது இரேனியஸ் கொண்ட பற்றும் அதில் இணைந்தன. அந்நூலில் வெண்பொழிவு ‘உறைந்த மழை’ எனப் பெயர்பெற்றது. மழையை அறிந்த மக்கள், தாம் காணாத ஒன்றைத் தம் சொற்களாலேயே கண்டனர். சாரல் நிலத்து உழவரும் அதனை மனக்கண்ணால் காண இயலும்.