கேள்வி ஞானத்தில் விளைந்த ராஜ சங்கீதம்

இராமநாதபுரம் அரண்மனையில் இராமலிங்க விலாசம் என்ற தர்பார் மண்டபம் இருக்கிறது. 1798-ம் ஆண்டு செப்டம்பரில் வீரபாண்டிய கட்டபொம்மன் கலெக்டர் ஜாக்சனை நேருக்கு நேர் சந்தித்த இடம் அது. 1959-ல் அந்தச் சந்திப்பைத் தமிழ்நாடே திரையில் கண்டது. சிவாஜி கணேசனின் கர்ஜனையை யாரும் மறக்கவில்லை. அந்தப் படத்துக்கு இசை அமைத்தவரைத்தான் பலர் மறந்துவிட்டார்கள். அவர் ஜி. ராமநாதன்.

திருச்சியை அடுத்த பிச்சாண்டார்கோவில் அவரது ஊர். குருவிடம் முறையாகப் பாடம் கேட்டவர் அல்லர். எல்லாம் கேள்வி ஞானம். அண்ணன் சுந்தர பாகவதர் கதாகாலட்சேபம் செய்வார். தம்பி பக்கத்தில் அமர்ந்து ஆர்மோனியம் வாசிப்பார். அரசன் கொலுவீற்றிருந்தால் ஒரு ராகம், அரசி கண்ணீர் விட்டால் வேறு ராகம் என்று கதையோடு ராகமும் மாறும் மேடை அது. அதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் ஒரு சினிமா சங்கீத டைரக்டருக்கு வாய்க்குமா என்ன!

1944-ல் தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்ட 'ஹரிதாஸ்' படத்தில், பாபநாசம் சிவனின் பாடல்களுக்கு வாத்திய இசை சேர்த்தவர் அவரே. ஆனால் பழைய ராஜாக்களின் கதைகள் வந்தபோதுதான் அவர் கை முழுமையாகத் தெரிந்தது. குண்டலகேசிக் கதையைத் தழுவிய 'மந்திரி குமாரி' 1950-ல் வந்தது. 1957-ல் 'அம்பிகாபதி'. கம்பரின் மகனும் சோழ இளவரசியும் பாடும் காதல் பாட்டுக்கு அவர் எடுத்த ராகம் முகாரி! சோகத்துக்கென்று ஒதுக்கி வைத்த ராகத்தில் காதலா என்று கேட்கத் தோன்றும். அந்தக் காதல் கொலைக்களத்தில் முடியப் போகிறது என்பதை நினைத்தால் கேள்வி அடங்கிவிடும். டி. எம். சௌந்தரராஜனும் பானுமதியும் பாடிய அந்தப் பாட்டை, ராகத்தின் பெயரே அறியாதவர்களும் முணுமுணுத்தார்கள். மறு ஆண்டு 'சாரங்கதரா'வில் சாருகேசி.

'வீரபாண்டிய கட்டபொம்ம'னில் அரண்மனைப் பாட்டும் உண்டு, மாடு பிடிக்கும் களத்தில் சுசீலா பாடும் கிராமத்துப் பாட்டும் உண்டு. 1960-ல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கப் படவிழா, சிவாஜியைச் சிறந்த நடிகராகவும் ராமநாதனைச் சிறந்த இசையமைப்பாளராகவும் தேர்ந்தெடுத்தது.

அதற்குள் காலம் மாறத் தொடங்கியிருந்தது. ராஜா ராணிக் கதைகள் குறைந்தன; விஸ்வநாதன்-ராமமூர்த்தியின் மெல்லிசை ஓங்கியது. 1963-ம் ஆண்டு நவம்பர் 20-ம் தேதி ராமநாதன் காலமானார். இராமேசுவரத்துக்கும் திருப்புகழ் பாடிய அருணகிரிநாதரின் கதை, டி. ஆர். பாப்பாவும் அவரும் சேர்ந்து அமைத்த இசையோடு 1964-ல்தான் திரைக்கு வந்தது.